இடக்கையில் ஒட்டிய வில்லை

என் இடக்கையின் பின்புறம், தோளுக்குக் கொஞ்சம் கீழே, நாணயம் அளவுக்கு ஒரு வில்லை ஒட்டியிருக்கிறது. குவைத்தில் நர்ஸாக இருக்கிற என் மகள் லீவுக்கு வந்தபோது ஒட்டிவிட்டது, ரெண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ள ஒரு பெட்டியும் தந்திருக்கிறாள். அது தோலுக்குள் மயிர்போல ஒரு கம்பியை இறக்கி, என் சர்க்கரையை அளந்து என் போனுக்குச் சொல்லும். என் போன் அவள் போனுக்குச் சொல்லும். புதுக்கடை முக்கில் பெயின்ட் கடை வைத்திருக்கிற நான் இங்கே ஒரு ஏத்தன்பழம் தின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் மணி அடிக்கும். கேட்டீர்களா, ஜெயிலில்கூட ஆளைக் கம்பிக்குள்தான் போடுகிறார்கள், கம்பியை ஆளுக்குள் போடுவதில்லை.

போகும்போது ஒரு நிபந்தனையும் வைத்தாள். "மூணு மாசத்துக்குள்ள சுகர் அடங்கல்லன்னா வேலைய விட்டுட்டு வந்து ஒங்க பக்கத்துல இருப்பேன், பாத்துக்கிடுங்க." சொன்னால் செய்கிறவள். அந்த வேலைக்கு அவள் எத்தனை பரீட்சை எழுதினாள் என்று எனக்குத் தெரியும். என் நாக்குக்காக அது போகக் கூடாது. அவள் அம்மை போய் மூன்று வருஷம், வீட்டில் நான் தனி, சாப்பாடு ஓட்டலிலிருந்து வரும். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

பிறகு ஆரம்பித்தது சட்டம். சோற்றுக்கு முன்னால் வெள்ளரிக்காய், அப்புறம் முட்டை, கடைசியில் ஒரு கரண்டி சோறு. ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்ல வேண்டுமாம். எண்ணிக்கொண்டே மென்றால் மீன்குழம்பு பதினெட்டிலேயே செத்துப்போகும், மிச்சம் பன்னிரண்டும் அதற்குக் கருமாதி. தின்றதும் பத்து நிமிஷம் நடை. உச்சி வெயிலில் முற்றத்துத் தென்னையைச் சுற்றிச் சுற்றி வருவேன். ரோட்டில் போகிறவர் நின்று, "ஓய், என்னவாக்கும் தேடுதீரு?" என்பார். "என் பழைய வயித்தத்தான் வேய்" என்பேன்.

என்னைக் கண்காணிக்கப் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் மனைவியை மகள் ஏற்பாடு செய்திருந்தாள். நல்ல காவல்! அந்த அம்மாள் மரச்சீனி (வெளியூரில் அதை மரவள்ளி என்பார்கள்) அவித்துச் சாளைமீன் கறி வைத்தால், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் தின்னத் தெரியாதவள். "ஒரு மனுசன் வெள்ளரிக்கா கடிச்சிட்டு நிக்கதக் கண்ணால பாக்க முடியல்ல அண்ணே" என்று மதிலுக்கு மேல் தட்டை நீட்டினாள். வாங்கிவிட்டேன்.

தின்ற பிறகு வந்ததே பயம். இடப்பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் போனைப் பார்த்தால் எண் ஏறவில்லை, இறங்கியிருக்கிறது! வலப்பக்கம் திரும்பிப் படுத்தேன், ஏறியது. கை நசுங்கினால் வில்லைக்குக் கணக்குத் தப்புகிறது. எந்த டாக்டரும் எந்த வீடியோவிலும் சொல்லாத ரகசியம். அதன்பின் வாரத்துக்கு ரெண்டு நாள் மதில்வழி கிழங்கு வந்தது, நானும் இடப்பக்கம் சாய்ந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை கறி அபாரம், கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. கூடின பயத்தில் உடம்புப் பாரம் முழுவதையும் இடக்கைமேல் போட்டுப் படுத்தேன். போன் முன்னறையில் சார்ஜில் கிடந்தது. கடைக்காரன் மத்தியானம் உறங்கும்போது சத்தத்தை நிறுத்திவிடுவது பழக்கம்.

கண் விழித்தபோது என் வாய்க்குள் கருப்பட்டித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஆள் மயங்கினால் முதல் வைத்தியம் அதுதான். ஆட்டோக்காரர் என் தோளை அமுக்கிப் பிடித்திருந்தார். அவர் மனைவி கையில் டம்ளர்.

"குடியுங்கண்ணே! ஒங்களுக்கு சுகர் அம்பதுக்குக் கீழ போயிட்டாம்! பிள்ள அங்க கெடந்து அழுவுது!"

"எனக்கு ஒண்ணும்..." என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அடுத்த டம்ளர். உதறி எழப் பார்த்தேன். "வலிப்பு வருது, விடாதட்டீ!" என்றார் அவர். சவம், மூன்று டம்ளர் உள்ளே போன பிறகுதான் விட்டார்கள்.

அந்த அம்மாள் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வீடியோவில் மகள், யூனிபாரத்தோடு ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

"போதும்பா. இப்பிடிச் சுகர் தாழ்ந்தா நீங்க தனியா இருக்கப்பிடாது. இன்னைக்கே ராஜினாமா கடிதம் குடுக்கேன்."

பொறிக்குள் எலி மாதிரி ஆயிற்று என் பாடு. உண்மையைச் சொன்னால் கிழங்கு தின்றதற்காக வேலையை விடுவாள். சொல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்ததற்காக வேலையை விடுவாள். போனுக்குப் பின்னால் நின்று அந்த அம்மாள் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

சொல்லிவிட்டேன். கிழங்கு, சாளை, கைமேல் படுத்தது எல்லாம். மதிலை மட்டும் விட்டுவிட்டு, "நானே அவிச்சேன்" என்றேன். எனக்கு வெந்நீர்கூடப் போடத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"பதினோரு தடவ விளிச்சேன்பா. அம்ம போன அன்னைக்கும் இப்பிடித்தான் விளிச்சிட்டே இருந்தேன். மணி அடிச்சிட்டே கெடந்துது. யாரும் எடுக்கல்ல."

அன்றைக்கு எடுக்காத போன் என்னுடையது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டைப்பைக்குள் கிடந்து அடித்தது. எடுத்து அவளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டேன். இத்தனை நாளும் அவள் என் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன், மடையன். வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அன்னைக்குப் போன் எங்கிட்டதான் இருந்துது மக்களே" என்றேன்.

"தெரியும்பா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கிழங்கு வேணும்னா கொஞ்சமாத் தின்னுங்க. நான் விளிச்சா எடுங்க. அது போதும்."

கடிதம் கொடுக்கவில்லை. வில்லை இன்னும் என் கையில்தான் இருக்கிறது. தினமும் மத்தியானம் ரெண்டரைக்கு அவளிடமிருந்து போன் வரும், முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

"எந்தப் பக்கமாக்கும் படுத்திருக்கிய?" என்பாள்.

"வலப்பக்கம் மக்களே" என்பேன். மெய்யாகவே வலப்பக்கம்தான் படுத்திருப்பேன்.