படகில் பெயர் கூப்பிட்டபோது

கிட்டுசாமியிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும். ஆனால் அவரிடமிருந்து வராது. தாராபுரம் பக்கத்து மனிதர், நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். அவர் ஆரம்பிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் சொல்லி முடித்துவிடுவார். கோவையில் இன்ஜினியரிங் படித்த காலத்தில் அந்த வேலையைக் கூடப் படித்த ரஞ்சித்குமார் பார்த்தான். கிட்டுசாமி ஹாஸ்டலில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். வகுப்பில் அவருக்கான அட்டெண்டன்ஸ் தவறாமல் விழும். ப்ராக்ஸி கொடுப்பதில் ரஞ்சித் மன்னன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலை மனைவி வசந்தாமணிக்கு வந்தது. டாக்டர் இவரைப் பார்த்து எங்கே வலிக்கிறது என்று கேட்டால் அவள் சொல்வாள். பிறகு அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில், ஒரு மருந்து கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிற உத்தியோகம். அங்கேயும் பேசாமல் பிழைக்க முடிந்தது. இப்படியே ஐம்பதை நெருங்கிய மனிதருக்கு, வாயைத் திறந்தே ஆகவேண்டிய ஒரு நொடி நடுக்கடலில் வந்தது.

பிள்ளைகளின் ஸ்பிரிங் பிரேக் விடுமுறையில், அங்கேயே வந்து சேர்ந்திருந்த ரஞ்சித் குடும்பம் உட்பட நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஊர் சுற்றுவது வழக்கம். அந்த வருடம் பாதிப் பேருக்கு விசா ஸ்டாம்பிங் காலாவதி. நாட்டைவிட்டுப் போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ என்று பயம். கரீபியன் கடலும் வேண்டும், அமெரிக்க மண்ணும் வேண்டும் என்று யோசித்துப் புவெர்ட்டோ ரிக்கோவைப் பிடித்தார்கள். ஜிப்லைன் ஆயிற்று, கயாக் ஆயிற்று, கடைசியாக ஒரு பெரிய கட்டமரான் படகில் ஸ்நார்க்கலிங். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, வாயில் ஒரு குழாய், மேலே லைஃப் வெஸ்ட். தண்ணீரில் குப்புறப் படுத்து மீன் பார்க்கலாம்.

படகு ஆடிய ஆட்டத்தில் கிட்டுசாமி கழிப்பறைக்கு ஓடி ஓடி வாந்தி எடுத்தார். தண்ணீரில் இறங்கியதும் சுகமாகிவிட்டது. கீழே ஓர் ஆமை நீந்திப் போனது. இவரும் அதன் பின்னாலேயே போய்விட்டார்.

தலையை நிமிர்த்தியபோது படகு தூரத்தில், ஒரு பாறைக்கு அந்தப் பக்கம் நின்றது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். கேப்டன் மைக்கில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கிட்டி சாமி?"

கிட்டுசாமி கையைத் தூக்கினார். வாயில் குழாய். அதைப் பிடுங்கி, உப்புத் தண்ணீரைத் துப்பி, குரல் எடுப்பதற்குள் படகிலிருந்து பதில் வந்துவிட்டது.

"ஹியர்."

இன்ஜின் கிளம்பியது.

கரை சேர்ந்த பிறகுதான் ஆள் குறைவது மற்றவர்களுக்குத் தெரிந்தது; பொழுது சாயும் நேரத்தில்தான் வேறொரு படகு அவரைக் கண்டு தூக்கி ஏற்றியது. உதடு வெந்திருந்தது, கழுத்து சிவந்திருந்தது, மற்றபடி ஒன்றுமில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு மட்டும் போகவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, ரூட் எண்பது நெடுஞ்சாலையில் கார் ஓட்டும்போது, குழாய் வழியாக யாரோ மூச்சு விடுகிற சத்தம் பின்சீட்டிலிருந்து வந்தது. பாட்டைச் சத்தமாக வைத்தால் அதுவும் கூடியது. ஒரு நாள் சாப்பிடும்போது மகள் வெண்பா ஸ்பூனைக் கீழே வைத்தாள். "அப்பா, யூ ஆர் டூயிங் தட் பிரீதிங் அகெய்ன்." அந்தச் சத்தம் தன் வாயிலிருந்தே வருகிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த பிறகு பயம் இன்னும் அதிகமாயிற்று. யாரோ தன் பெயரைச் சொல்லிப் படகில் ஏறி, தன் வீட்டுக்கு வந்து, தன் பனியனைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். தான் இன்னும் தண்ணீரில் கையைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறோம். இப்படித் தோன்றித் தோன்றித் தூக்கம் போயிற்று. பதில் சொன்னது ஒரு மனுஷப் பிறவிதான் என்று தெரிந்தால் போதும், பிழைத்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளக்கூட மாட்டார். யார் என்று மட்டும் தெரியவேண்டும்.

எல்லோருக்கும் சந்தேகம் ரஞ்சித் மேல். பழக்கதோஷம் என்றார்கள். அவன் முதலில் மறுத்தான். "சத்தியமா நான் இல்லடா கிட்டு. மேல் டெக்ல தூங்கிட்டு இருந்தேன்."

தீபாவளிப் பார்ட்டியில் கிட்டுசாமி மறுபடி அதையே கேட்டபோது ரஞ்சித் தட்டைக் கீழே வைத்தான்.

"சரிடா, நான்தான்னு வச்சுக்கோ. தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோ. இனிமே கேக்காத."

வசந்தாமணி பக்கத்தில் நின்று வடை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "அதான் ஒத்துக்கிட்டாருல்லங்க, விடுங்க" என்றாள்.

விட முடியவில்லை. 'வச்சுக்கோ' என்பது ஓர் ஒப்புதலா? காதெல்லாம் தண்ணீர், அந்தக் குரல் ஆணா பெண்ணா என்றுகூட அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஸ்பிரிங் பிரேக்குக்கு அதே படகு வேண்டும் என்று கிட்டுசாமி தானாக வாயைத் திறந்து கேட்டபோது எல்லோரும் மிரண்டார்கள். வசந்தாமணி அழுது பார்த்தாள். அவர் மசியவில்லை. பெயர் கூப்பிடும்போது தான் பேசாமல் இருந்தால் அந்தக் குரல் மறுபடி வரும் என்று அவருக்கு ஓர் எண்ணம். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் தூக்கம் போன மனிதனிடம் யார் நியாயம் பேசுவது?

படகு அதே இடத்தில் நின்றது. மற்றவர்கள் மீன் பார்க்கப் போனார்கள். கிட்டுசாமி இறங்கவில்லை. வெஸ்ட்டை இறுகக் கட்டிக்கொண்டு, வசந்தாமணியின் கையைப் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் ஏறியதும் கேப்டன் மைக்கை எடுத்தார். ரஞ்சித் தன் பெயருக்குப் பதில் சொன்னான். வெண்பா சொன்னாள்.

"கிட்டி சாமி?"

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். கேப்டன் மறுபடி கூப்பிட்டார். ரஞ்சித் தரையைப் பார்த்தான். "அப்பா, ப்ளீஸ், ஜஸ்ட் ஆன்ஸர்" என்று வெண்பா கெஞ்சினாள். கேப்டன் திரும்பித் தண்ணீரில் தேட ஆரம்பித்தார். கிட்டுசாமியும் திரும்பிப் பார்த்தார். பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு கை தூக்கியிருக்கும் என்று உண்மையாகவே எதிர்பார்த்தார்.

"ஹியர்."

பக்கத்திலிருந்து வந்தது. கேப்டன் தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

"அன்னிக்கும் இப்படித்தானுங்க சொன்னேன்" என்றாள் வசந்தாமணி. "நீங்க முன்னாலயே ஏறி வந்து பாத்ரூம்ல வாந்தி எடுத்துட்டு இருக்கீங்கன்னு நினைச்சேன். பேரைக் கூப்பிட்டதும் வாய் தானா சொல்லிருச்சு."

கிட்டுசாமி ரஞ்சித்தைப் பார்த்தார். அவன் தலையை நிமிர்த்தவில்லை. "தங்கச்சி எங்கிட்ட சொல்லி அழுதுச்சுடா. நான் என்ன பண்ணுவேன்?"

பேய் இல்லை, பிசாசு இல்லை. பேயாக இருந்திருந்தால் மந்திரித்துவிட்டிருக்கலாம். இந்த ஒரு வருடமாகப் பயந்து விழிக்கும்போதெல்லாம், யாராக இருக்கும், யாராக இருக்கும் என்று கேட்டுக்கொண்டே அவர் இருட்டில் துழாவிப் பிடித்தது அவள் கையைத்தான். இப்போதும் அதைத்தான் பிடித்திருந்தார். விட்டுவிட வேண்டும் போல் இருந்தது. படகு கிளம்பி ஆட ஆரம்பித்தது. அவர் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.