கடைசி பஸ்ஸில் திரும்பிய நாட்கள்

என் மகளுக்கு இப்போது வயது பத்து. இடப்பக்கமாக வந்து கூப்பிட்டால் திடுக்கிட்டுப் போகிறாள். அதனால் நான் சுற்றிப் போய் வலப்பக்கம் நின்றுதான் கூப்பிடுகிறேன்.

போன வருஷம் மாசியில், கன்றுக்குப் போடச் சோளத்தட்டை உருவியபோது அதன் நுனி அவள் இடக் கண்ணில் குத்திவிட்டது. மறுநாள் கண் சிவந்து வீங்கியது. நானும் மனைவியும் கருமத்தம்பட்டியில் பஸ் ஏறி, அவளைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் மருந்து விட்டுக் கட்டுப் போட்டார். கருவிழியில் புண், தூசி படவே கூடாது, பத்து நாளாவது இங்கேயே படுத்திருக்க வேண்டும் என்றார்.

ஊரில் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டிருந்தது. அதைப் பிடுங்கும்வரை ஊர்க்காரர் எவரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பருத்தி ஜின்னிங் பாக்டரியில் குமாஸ்தா வேலை பார்க்கும் நான், ஆபீஸில் இந்தக் கட்டுப்பாட்டைச் சொல்லிச் சிரித்தவன். ஆனாலும், தினமும் காலையில் கூட்டிவந்துவிடுகிறேன் என்று டாக்டரிடம் சொன்னது நான்தான்.

வராந்தாவில் மனைவி வழியை மறித்தாள்.

"ஏனுங்க, நான் புள்ளையோட இங்கயே இருந்துக்கறனுங்க. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

"ஊருக்குள்ள ஒருத்தருக்கு அம்மை போட்டாலும் நம்மளைத்தான் சொல்லுவாங்க."

"சொன்னாச் சொல்லிப்போட்டுப் போறாங்க. புள்ளையோட கண்ணுங்க!"

"அதான் பஸ்ஸு இருக்குதே, அம்மணி."

பஸ் இல்லாத காலமாக இருந்தால் இரண்டில் ஒன்றை விட்டிருப்பேன். பஸ் இருந்ததால் இரண்டையும் காப்பாற்றிவிடலாம் என்று நம்பினேன்.

ஐந்து நாள் போய்வந்தோம். மனைவி முந்தானையால் மகளின் முகத்தை எவ்வளவு மூடினாலும், செம்மண் தூசி பஸ்ஸுக்குள் புகையாக அடித்தது. "அம்மணி தெனமும் போயிட்டு வருதே, கோர்ட்டுல ஜட்ஜு வேலைங்களா?" என்று கண்டக்டர் கேட்பார். முதல் இரண்டு நாள் மகள் சிரித்தாள். பிறகு தலையைத் தூக்கவேயில்லை.

ஆறாம் நாள் கட்டை அவிழ்த்த டாக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இன்னைக்கு வேணாத் தங்கிக்கறமுங்க" என்றேன்.

"இனிமேல் தங்கி ஒன்றும் ஆகப்போவதில்லை" என்றார்.

அந்த ஆண்டு ஊரில் யாருக்கும் அம்மை போடவில்லை. கம்பம் பிடுங்கிய மறுநாள் ஊர்ப் பெரியவர் இருவர் வீட்டுக்கு வந்து, "படிச்சவரா இருந்தும் ஊர்க்கட்டை மீறலீங்க நீங்க" என்று என்னைப் பாராட்டினார்கள். நான் கும்பிட்டு ஏற்றுக்கொண்டேன். மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.