போர்த் தண்ணீரில் கரைத்த கடல்

கடலுக்கும் தர்மபுரிப் பக்கத்து இண்டூருக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? மழை பெய்தாலே வாசலுக்கு ஓடிவந்து பார்க்கிற ஊர். அந்த ஊர்க்காரி பானுமதி, பரங்கிப்பேட்டைக் கடற்சேற்றை ஐஸ் பெட்டியில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, மூன்று பஸ் மாறி வந்தாள். அந்தச் சேற்றிலிருக்கும் பாக்டீரியாக்கள் பிழைப்புக்காக ஏதேதோ ரசாயனம் சுரக்கும். அதில் ஒன்றாவது புற்றுநோய்ச் செல்லைக் கொல்லாதா என்று தேடுவதுதான் அவள் ஆராய்ச்சி. தர்மபுரியில் ஒரு கல்லூரியில் ஆறாவது வருஷம். வயது முப்பத்திரண்டு. "இன்னுமா படிக்குது உங்க பொண்ணு?" என்று கேட்டுக் கேட்டு ஊரே அலுத்துவிட்டது.

அலுக்காதவர் அப்பா காளியப்பன் ஒருவர்தான். தக்காளி போட்டுப் பிழைக்கிறவர். போன வருஷம் அவருக்கே தொண்டையில் புற்று வந்தது. விதியைப் பாருங்கள்! சேலத்தில் ஆறு ஊசி போட வேண்டும் என்றார்கள். மூன்று போட்டிருந்தது.

தை மாதம் சென்னையிலிருந்து சோதனை முடிவு வந்தது. நாற்பத்தேழாம் எண் பாக்டீரியாவின் சாறு, ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களில் முக்கால்வாசியைக் கொன்றிருந்தது. பானுமதிக்குத் தலைகால் புரியவில்லை. முதல் போன் அப்பாவுக்கு.

"அப்பா, எல்லாம் செத்துப்போச்சுப்பா! கண்டுபுடிச்சிட்டேன்!"

தட்டில் சாவது வேறு, உடம்பில் சாவது வேறு, நடுவில் பத்துப் பதினைந்து வருஷம் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். சொல்ல மனசு வரவில்லை. ஆறு வருஷத்தில் ஒரு நாளாவது பெருமைப்படக் கூடாதா!

பொழுது சாய்வதற்குள் சேதி டீக்கடை வரைக்கும் போய்விட்டது. அதோடு காளியப்பன் சேலத்துக்குப் போவதையும் நிறுத்தினார். கேட்டால், "ஒடம்பு தேவலாம்மா, அடுத்த மாசம் பாக்கலாம்" என்பார். நம் மருந்துக்குத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்துப் பானுமதி பயந்தாள். "அதுக்கு இன்னும் நாளாவும்ப்பா" என்று மென்று முழுங்கினாள். அவர் அசையவில்லை.

அவளுடைய வழிகாட்டி மாதவராஜ் சார், சாற்றை மறுபடி அனுப்பச் சொன்னார். இந்த முறை பாக்டீரியாவே போடாத வெறும் கரைசலும் கூடப் போனது. சித்திரையில் முடிவு வந்தது. வெறும் கரைசலும் செல்களைக் கொன்றிருந்தது.

அப்போதுதான் உறைத்தது. தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் எந்திரம் பழுதாகி, எழுதிக் கொடுத்தும் ஆள் வராமல், அவள் ஆழ்துளைக் கிணற்றின் போர்த் தண்ணீரிலேயே உப்புகளைக் கரைத்து, பாக்டீரியா வளர்க்கக் கடல்நீர் செய்திருந்தாள். முதல் சோதனையில் ஒப்பிட வைத்த கரைசல் மட்டும் பழைய, சுத்தத் தண்ணீரில் செய்தது. ஊர்ப் பிள்ளைகளின் பல்லைக் கறையாக்குகிற புளோரைடு தண்ணீர் அது! குடித்தே வளர்ந்தவளுக்கு வெறும் தண்ணீராகத்தான் தெரிந்தது. சாற்றைச் சுண்டக் காய்ச்சியபோது அதுவும் சேர்ந்து சுண்டியிருக்கிறது. அடிப்பாவி, முதல் வருஷப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

வீட்டுக்கு ஓடினாள். அப்பா கொல்லையில் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் ஒண்ணும் கண்டுபுடிக்கலப்பா. தப்புப் பண்ணிட்டேன். மருந்தே இல்ல. இனிமே காத்திருக்காதீங்க, சேலத்துக்கு வாங்க" என்று அழுதாள்.

காளியப்பன் நிமிர்ந்தார். குரல் முன்னைவிடக் கம்மியிருந்தது. "மருந்துக்கா காத்திருந்தேன்? அது என் ஆயுசுக்குள்ள வராதுன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

"அப்புறம் ஏம்ப்பா போவுல?"

"பொண்ணு மருந்து கண்டுபுடிச்சிருச்சுன்னு ஊரே பேசுது. நானே சேலத்துக்குப் பஸ் ஏறுனா, பெத்தவனே நம்பலன்னு சொல்ல மாட்டாங்களா?"

பானுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த குச்சியை வாங்கிக் கீழே போட்டாள்.

மறுநாள் காலை இருவரும் சேலம் போனார்கள். மருத்துவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் தொட்டுப் பார்த்தார். மூன்று மாதமாக ஏன் வரவில்லை என்று கோபமாகக் கேட்டார். பானுமதி வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"கொல்லையில வேல இருந்துச்சுங்க சார்."