காயாத வார்னிஷ்

எனக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம், ஒரு தூண்டிலுக்காக என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் முழுசாகச் சிரிப்பு வருவதில்லை.

என் வீட்டுக்காரர் அப்போது தர்மபுரி தாலுகா கச்சேரியில் தற்காலிக குமாஸ்தா. அங்கே வந்துபோகும் வெள்ளைக்காரத் துரை ஒருவருக்கு லீவு கிடைத்தால் போதும், ஒகேனக்கல்லில் மீன் பிடிக்கப் போய்விடுவார். அவருடைய பழைய மூங்கில் தூண்டில் வெயிலில் கெட்டுப்போய், நூல் கட்டெல்லாம் அவிழ்ந்து, வார்னிஷ் உரிந்து கிடந்தது. சீமைக்கு அனுப்பலாமென்றால் யுத்தம் தொடங்கிவிட்டது. துரை கச்சேரியில் புலம்பியபோது, இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "எங்கள் வீட்டிலேயே சரி செய்து தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். இவருக்குச் சுவரில் ஆணி அடிக்கத் தெரியாது. வீட்டில் என்றால் நான்தான்.

சேலத்தில் என் அப்பா பட்டு நெய்தார். ஏழு வயதிலிருந்து நூல் சுற்றிய கை என்னுடையது. அதை இவர் எப்போதோ கேட்டு மனசில் வைத்திருந்திருக்கிறார். நான் சொன்ன மற்ற எதையும் வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வாரம்தான் அப்பாவிடமிருந்து கடுதாசி வந்திருந்தது. ஐப்பசிக் கடைசியில் தங்கைக்கு முகூர்த்தம். என் இடுப்பிலேயே வளர்ந்தவள் அவள். நானோ தலை ஆடிக்குப் போனதோடு சரி, அப்புறம் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். இந்தத் தடவை தூண்டில்.

"முடிச்சுக் குடு புள்ள. மறுநாளே மொரப்பூர்ல ரயில் ஏத்தி வுடறேன்."

"முடியலைன்னா?"

"முடியலைன்னா எப்படிப் போவ? என்னை நிரந்தரம் பண்ணணும்னா தொரைதான் எழுதணும். அப்புறம் சோத்துக்கு என்ன பண்றது?"

ஆக, தங்கை கல்யாணம் அந்தக் குச்சியின் நுனியில் தொங்கியது.

அதைக் குச்சி என்று சொல்வது கோபத்தில்தான். ஆறு மெல்லிய மூங்கில் பிளாச்சுகளை இழைத்து, ஒன்றோடொன்று இடுக்கில்லாமல் ஒட்டி, ஒரே மூங்கில் போல ஆக்கியிருந்தார்கள். மூன்று துண்டுகள். பித்தளைப் பூண் வைத்து ஒன்றில் ஒன்றைச் செருகலாம். கையில் எடுத்து ஆட்டியபோது அது ஆடிய அழகில் எனக்கு ஒரு நிமிஷம் கோபம் மறந்தது.

கண்ணாடிச் சில்லால் பழைய வார்னிஷைச் சுரண்டினேன். ஒரு பிளாச்சு விட்டிருந்த இடத்தில் தச்சரிடம் வச்சிரப் பசை வாங்கிக் காய்ச்சி ஒட்டினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பிறகு விளக்கெண்ணெய் தொட்ட துணியால் முழுக்கத் துடைத்து வைத்தேன். முறமோ கூடையோ ஏணியோ, மூங்கில் என்றால் வண்டு துளைக்காமலிருக்க எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன்மேல் பச்சைப் பட்டுநூலை இழையோடு இழை உரசும்படி சுற்றி, மீன் நூல் ஓடுகிற வளையங்களைக் கட்டினேன். இவர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய விருது.

வார்னிஷ் ஒரு சின்ன டப்பா கிடைத்தது. யுத்த காலத்தில் அதுவே அதிகம். ஈர வார்னிஷில் தூசு விழக்கூடாது என்று துரை சொல்லியிருந்தாராம். எங்கள் வீட்டில் கூடம் ஒன்று, சமையலறை ஒன்று, அவ்வளவுதான். கூடத்து உத்தரத்தில் மூன்று துண்டுகளையும் கயிற்றில் தொங்கவிட்டு, ஜன்னலைச் சாத்தினார். பெருக்கக்கூடாது. அடுப்பைக் கொல்லைக்கு மாற்றியாயிற்று. புடவையை உதறக்கூடாது. "யாராச்சும் கதவைத் தொறந்து தூசிய வுட்டுருவாங்க" என்று, கச்சேரிக்குப் போகும்போது வாசல் கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். கொல்லையிலோ ஆள் உயரத்துக்கு மதில். பக்கத்து வீட்டக்கா கதவு இடுக்கு வழியாகத்தான் பேசினாள்.

"என்ன தப்பு பண்ணே, உன்னைப் பூட்டி வெச்சிருக்கான்?"

"தூண்டிலுக்குக் காவலுங்க்கா."

"மீனுக்குத்தான் தூண்டில்னு நெனைச்சேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒரு நாளில் காயும் என்றார்கள். மூன்று நாளாயிற்று, ஐந்து நாளாயிற்று. விரலால் தொட்டால் பிசுபிசு என்று ஒட்டியது. மழைக்காலம், ஈரக்காற்று என்று இவர் சமாதானம் சொன்னார். நான் உத்தரத்துக்குக் கீழே உட்கார்ந்து அந்த மூன்றையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பகலைக் கழித்தேன். மூச்சு முட்டியது. எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்துவிடலாமா என்றுகூட ஒருநாள் தோன்றியது. ஒடித்தால் ரயில் ஏது?

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கையில், ஜன்னல் கட்டையில் என்றைக்கோ சிந்திய ஒரு சொட்டு வார்னிஷை நகத்தால் கீறினேன். கல்லாக இறுகியிருந்தது. அதே டப்பா, அதே மழை. தூண்டிலைத் தொட்டு விரலை மோந்து பார்த்தேன். விளக்கெண்ணெய் வாசனை. எண்ணெய்ப் பிசுக்கின்மேல் வார்னிஷ் எப்படிக் காயும்? என்னை நான்தான் கட்டிப்போட்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னால் சுரண்டி முதலிலிருந்து செய்யச் சொல்வார். அதற்குள் தங்கை புகுந்த வீட்டுக்கே போயிருப்பாள். மூன்று துண்டுகளையும் ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி, அதன் பையில் போட்டுக் கட்டினேன்.

சாயங்காலம் இவர் வந்ததும், "காஞ்சிடுச்சுங்க" என்றேன். "பிரிச்சுப் பாக்காதீங்க, ரேகை பதிஞ்சிரும்."

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். மறுநாள் மொரப்பூரில் என்னை ரயிலேற்றி, ஜன்னல் வழியாக ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தார். சேலம் வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

கல்யாணத்தில் எல்லோரும் நான் இளைத்துவிட்டதாகச் சொன்னார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் தங்கை என்னைத் தேடித் திரும்பினாள், நான் அவள் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அந்த நிமிஷத்திலும் வேட்டித் துணி வார்னிஷில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் எனக்குத் தெரிந்தது. பூட்டு அங்கேயும் கூடவே வந்திருந்தது.

நாலாம் நாள் திரும்பினேன். ஸ்டேஷனுக்கு இவர் வரவில்லை. இவர் வேலை போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன். வீட்டு வாசல் உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன்.

"யாரு?"

"நான்தாங்க."

"அக்கா வூட்டு வழியா கொல்லப்பக்கமா வா."

அக்கா ஏணி போட்டு மதிலைத் தாண்டவைத்தாள். உள்ளே போனால், தூண்டில் மறுபடியும் உத்தரத்தில் தொங்குகிறது. என் பச்சை நூல் கட்டு ஒன்றுமில்லை. வெறும் மூங்கில், புது வார்னிஷ், அங்கங்கே கைரேகை. கீழே என் இடத்தில் இவர் உட்கார்ந்திருந்தார். தலைமயிரெல்லாம் வார்னிஷ், விரல்களில் கண்ணாடி கிழித்த காயம். மூலையில் காலி ஸ்பிரிட் பாட்டில்.

"வெளக்கெண்ண போட்டியா?"

"வண்டு துளைக்குமேன்னுதான்."

"குடுக்கறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்தேன், துணி ஒட்டிக் கெடந்துச்சு. தொரைகிட்ட பத்து நாள் கேட்டிருக்கேன். நூல் கட்டு எனக்கு வரல. நீதான் கட்டணும்." விரல் காயத்தைத் தடவிக்கொண்டே, "காயலைன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா வுட்டிருப்பீங்களா?"

யோசித்தார். "வுட்டிருக்க மாட்டேன்" என்றார்.

பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் சண்டை பிடித்திருப்பேன். கொல்லைக் காற்றில் மூன்று துண்டுகளும் ஆடின. இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.

"தூசு" என்றார்.

கல்யாண மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, நானே போய்க் கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.