மரத்துக்கு அடியில் போன கார்

பவர் டில்லர் வாங்கி வருகிறேன் என்று சேலத்துக்குப் போன என் கணவர் ஸ்போர்ட்ஸ் காரோடு வந்து இறங்கினார். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த யாரோ விற்றுவிட்டுப் போன பழைய வெளிநாட்டு வண்டி. சிவப்பு. கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம். முன்கண்ணாடியை மடக்கிவிட்டால் என் இடுப்பு உயரம்கூட இருக்காது. மாமனார் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதுல எத்தினி டன்னு கரும்பு ஏறும்?" என்று கேட்டார்.

வண்டி பார்க்க அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் பின்பக்கம் அதன் பேச்சைக் கேட்காது. ஸ்பிரிங் பட்டைகளின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்கள் தேய்ந்து கூழாகியிருந்தன. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் டொக்கென்று ஒரு சத்தம். முன்பக்கம் கச்சிராயபாளையம் போனால் பின்பக்கம் சங்கராபுரம் போகும். நான் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருப்பேன், அந்த வேலை மட்டும் வராமல் இருந்திருந்தால்.

பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, வருஷக் கணக்கில் காத்திருந்த எனக்குக் கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த வாரம் பார்த்து இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. உளுந்தூர்பேட்டையில் லாரிகள் அப்படியப்படியே நின்றுவிட்டன. எங்கள் பக்கத்துச் சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை. கணவருக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "கவலப்படாத, நம்ம வண்டி கீது" என்றார்.

புஷ் மாற்றாமல் மலை வளைவில் ஏறினால் நேரே மேலோகம்தான். கணவர் எங்கள் டிராக்டர் மெக்கானிக்கை அழைத்து வந்தார். அவர் அப்பா மாட்டுவண்டி செய்தவர்; இவர் கையில் ஸ்பேனர் வந்ததே தவிர மனதை விட்டு மாட்டுவண்டி இறங்கவே இல்லை. உடைந்த லாரியின் புஷ்களைச் சாணைக்கல்லில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தார். கிணற்றில் விழுந்த மோட்டாரைத் தூக்கும் சங்கிலியை வேப்பமரக் கிளையில் மாட்டி, காரின் பின்பக்கத்தை அந்தரத்தில் தொங்கவிட்டார். சக்கரங்கள் காற்றில் ஆட, புதுப் புஷ்களைத் திணித்து, போல்ட்டுகளை மூச்சுப் பிடித்து முறுக்கினார்.

"தொங்கும்போதேவா முறுக்குவாங்க?" என்று கேட்டேன்.

"அண்ணி, பாரத்தோட எவனாச்சும் வண்டிக்கு ஆணி அடிப்பானா? பாரம் எறக்கிட்டுதான் வேல செய்யணும்."

மாட்டுவண்டிக்கு அது சரி. ரப்பர் புஷ் வேறு ஜாதி. தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் அந்த நிலையையே பிடித்துக்கொள்ளும், கீழே இறக்கினாலும் விடாது. இறக்கிப் பார்த்தோம். கார் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு, கும்பிட்டு விழப்போகிறவர் மாதிரி நின்றது. மெக்கானிக்கும் கணவரும் அதை ரசித்தார்கள். "கெத்தா கீதுண்ணே" என்றார் மெக்கானிக். "ரேஸ் வண்டி அப்டிதான் இருக்கும்" என்றார் கணவர்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். கணவர் ஓட்ட, நான் பக்கத்தில் என் டிரங்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, மெக்கானிக் தன் வேலையின் பெருமையைக் கண்ணால் பார்க்கப் பின்மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். வழியில் கிடந்த மரங்களை வயலில் இறங்கிச் சுற்றினோம். கச்சிராயபாளையம் தாண்டி ஒரு வாய்க்கால் பாலத்தில் மாட்டிக்கொண்டோம். இரண்டு பக்கமும் தண்ணீர். பாலத்தின் இரண்டு கைப்பிடிச் சுவர்கள் மேலும் ஒரு பெரிய புளியமரம் உத்தரம் போலக் கிடந்தது. அதன் முன்னால் சாலை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு அப்புறம் மலைவரைக்கும் ரோடு காலி என்றார்கள்.

"எந்த ஊரு? யாரு வூடு?" என்று துண்டைத் தலையில் கட்டிய பெரியவர் கேட்டார். அவர்தான் அங்கே தலைவர் போலிருந்தது. அந்த நாட்களில் அது ஊரைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை, என்ன சாதி என்பதும் அதற்குள் இருந்தது. என் கணவரோ காருக்கு எத்தனை கியர் என்பதில் தொடங்கி ஏற்காடு வரைக்கும் பதில் சொன்னார். பெரியவர் அலுத்துப்போய்க் கேள்வியை விட்டுவிட்டார்.

நான் வேலையைச் சொன்னேன். இன்று சாயங்காலம் என்றேன். அழக் கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு இளைஞர் மரத்துக்குக் கீழே இருந்த இடைவெளியையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்ணாடிய மடக்கினா அடியில பூந்துடும் போலக்கீதே" என்றார்.

அது நியாயமா என்று விவாதம் நடந்தது. வண்டியை விட்டால் மறியலை உடைத்த மாதிரி என்றார்கள் சிலர். மரத்தைத் தொடாமல் போனால் எப்படி உடைத்ததாகும் என்றார்கள் சிலர். "காலையிலேர்ந்து நாய் பூந்து பூந்து போய்க்கினுதான் கீது, அத்த இன்னா பண்ணோம்?" என்று இளைஞர் கேட்டார். யோசித்த பெரியவர், நாய் கணக்கில் போகலாம் என்று தீர்ப்புச் சொன்னார். கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் அவர் தொடையில் கிள்ளினேன்.

கண்ணாடியை மடக்கிவிட்டுத் தள்ளினோம். முன்பக்கம் சுலபமாக நுழைந்தது. தூக்கிக்கொண்டிருந்த பின்பக்கம் மரத்தில் முட்டிக்கொண்டது. நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். நாலு பேர் பின்னால் ஏறி அமுக்கினார்கள். கொஞ்சம் இறங்கி, அவர்கள் கீழே குதித்ததும் மறுபடி எழும்பியது.

"போல்ட்ட லூஸ் பண்ணிட்டு, மேல ஆளுங்க உக்காந்துகினு இருக்கும்போதே முறுக்கணும்" என்றார் மெக்கானிக். கூடவே, "நான் அப்பவே சொல்லல?" என்றார். அந்த மனிதரை அடிக்காமல் விட்டதற்கு என் கையில் டிரங்குப் பெட்டி இருந்தது ஒன்றுதான் காரணம்.

ஆட்களுக்கா பஞ்சம்? சாலை முழுக்க உட்காருவதையே வேலையாகக் கொண்டவர்கள். ஆனால் பெரியவர் கையை உயர்த்தினார். ரோட்டை விட்டு எழுந்தால் மறியல் கலைந்த மாதிரி ஆகிவிடும், போலீஸ் பார்த்தால் அசிங்கம் என்றார். அதற்கும் அந்த இளைஞர்தான் வழி சொன்னார். காரைப் பின்னால் இழுத்து அவர்கள் நடுவிலேயே நிறுத்தினால் கார் ரோட்டில். கார்மேல் உட்கார்ந்தால் ரோட்டில் உட்கார்ந்த மாதிரிதான். பெரியவர் இதை ஏற்றுக்கொண்டு, முதல் ஆளாக அவரே பின்மூடியில் ஏறி அமர்ந்தார்.

அப்புறம் ஏறினார்கள் பாருங்கள்! பின்மூடியில், சீட்டில், மட்கார்டில். கார் நாய் போலவே குந்திவிட்டது. அடியில் படுத்திருந்த மெக்கானிக் போல்ட்டை முறுக்க, மேலே கோஷம் எழுந்தது. கோஷத்துக்குக் கை உயர, கை உயர்ந்ததும் கார் ஆடியது. "யோவ், ஒக்காந்துகினே கத்துங்கய்யா, ஆடாதீங்க! கீய நான் கீறேன்!" என்று கீழிருந்து ஒரு குரல் கெஞ்சியது. கோஷத்தை மெதுவாகப் போட்டார்கள். என் கணவர் பெயின்ட்டைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்.

அந்த இளைஞர் மட்கார்டில், நான் நின்ற பக்கமாக உட்கார்ந்திருந்தார். எங்கே பயிற்சி முடித்தேன் என்று கேட்டார். சொன்னேன். அவரும் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்தான். எனக்கு முந்தியே பதிந்தவர். இன்னும் ஒரு இன்டர்வியூ கார்டுகூட வரவில்லையாம். அதைக் கோபமாகச் சொல்லவில்லை, பஸ் வரவில்லை என்பது போலச் சொன்னார்.

எல்லோரும் இறங்கினார்கள். கார் எழும்பவில்லை, குந்தின இடத்திலேயே நின்றது. கணவர் சீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்க, ஆளாளுக்குத் தள்ளினார்கள். மரப்பட்டை உரசி ஒரு நீளக் கோடு போட்டது. கார் அந்தப் பக்கம் போய்விட்டது. கைதட்டினார்கள். மறியலில் ஒரு வண்டியைக் கடத்திவிட்டு மறியல்காரர்களே கைதட்டியதை நான் அங்கேதான் பார்த்தேன்.

நான் மரத்தின் மேல் ஏறித் தாண்டினேன். இளைஞர் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். "புள்ளைங்களுக்கு நல்லா சொல்லிக் குடுங்க டீச்சர்" என்றார். என்னை முதன்முதலில் டீச்சர் என்று கூப்பிட்டவர் அவர்.

பின்பக்கம் தரையைத் தேய்க்கத் தேய்க்க மலை ஏறினோம். பள்ளியில் தலைமையாசிரியர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திறந்து, வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்து, எல்லா வழியும் அடைத்துவிட்டார்களே, எப்படியம்மா வந்தீர்கள் என்று கேட்டார்.

"வழிவிட்டாங்க சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நேரத்தில் அந்த இளைஞர் பாலத்தில் மரத்துக்கு முன்னால் தன் இடத்தில் உட்கார்ந்திருப்பார்.