இடம் தின்னாத மனிதர்

திருப்பதியில் எங்கள் எதிர் வீட்டில் இருக்கும் தன் மகளோடு தங்க நாகலாபுரத்திலிருந்து வந்திருந்தார் அவர். ஒல்லியான உடம்பு, மடித்துக் கட்டிய லுங்கி, ஓரிடத்தில் நிற்காத கால்கள். எங்கள் கார் ஷெட்டை ஏணியும் கடப்பாரையும் தள்ளுவண்டியும் அடைத்துக் கிடக்க, கார் தெருவில் நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரில் மெஷினோடு தானே வந்துவிட்டார்.

“கீழ போட்டா எடத்தத் துன்னும்மா. செவுத்துல மாட்டினா கார் உள்ள வந்துடும்.”

ஏணியைப் படுக்கை வாட்டத்தில் கொக்கிகளில் மாட்டினார். தள்ளுவண்டியை நிமிர்த்திச் சுவரோடு கட்டினார். கடப்பாரை கூரைக்கடியில் ஏறியது.

“உக்காருங்க நைனா, டீ கொண்டாரேன்” என்று நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தால், அந்த நாற்காலியும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

“என்ன நைனா இது?”

“மக வூட்ல ஒண்டிக்கினு இருக்கறவன்மா. உக்காந்தா நானும் எடத்தத் துன்னுவேன்” என்றவர், நடந்துகொண்டே டீயைக் குடித்தார்.

கார் இப்போது உள்ளேதான் நிற்கிறது. நாற்காலியை மட்டும் நான் பிடிவாதமாக இறக்கி வைக்கிறேன். நான் பார்க்காத நேரத்தில் வந்து அவர் அதை மாட்டிவிட்டுப் போகிறார்.