அத்தாவின் கேசட்டும் அம்மாவின் காது மெஷினும்

அம்மாவுக்கு இரண்டு காதும் மந்தமாகி ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிப்போட்டவளை, நான் வேலை பார்க்கும் திருச்சிக்கு அழைத்துவந்து டாக்டரிடம் காட்டி, காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். போனில் வரும் பேச்சு கம்பி எதுவும் இல்லாமல் நேராகக் காதுக்குள் விழும் வகை. பக்கத்து அறையிலிருந்து நான் போன் செய்து பேசியதும் அம்மா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"தலைக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி இருக்கு" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "உங்கத்தா சவுதியிலேர்ந்து அனுப்புன கேசட்டெல்லாம் இதுல கேக்க முடியுமா?"

முடியும் என்றுதான் சொன்னேன். கல்லூரியில் இருபது வருஷமாக இயற்பியல் நடத்துகிறவள், முடியாது என்று எப்படிச் சொல்வது?

எனக்கு நாலு வயதாக இருந்தபோது அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, சவுதிக்குப் போனார். கூத்தாநல்லூரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது அப்படிப் போயிருந்தார்கள். முதல் லீவில் வந்தபோது ஒரே மாதிரி இரண்டு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார். படுக்கவைத்துப் பாட வைப்பது, கைப்பிடியை இழுத்துத் தூக்கிக்கொண்டு போகலாம். ஓரத்தில் பொடிப்பொடி ஓட்டைகளுக்குப் பின்னால் மைக். ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு இன்னொன்றைத் திரும்ப எடுத்துப்போனார். அதன் பிறகு கடிதம் குறைந்துபோனது. ஊருக்கு வருகிறவர்கள் கையில் கேசட் வரும். அதிலேயே நாங்கள் பதில் பேசி, போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவோம்.

எங்கள் வீட்டில் அத்தாவின் அண்ணன் குடும்பமும் சேர்ந்திருந்தது. ரிக்கார்டர் பெரியத்தாவின் பொறுப்பு. கேசட் வந்த அன்று ஹாலில் எல்லாரும் உட்காருவோம், அவர்தான் பட்டனை அழுத்துவார். அம்மா கதவுத் திரைக்குப் பின்னால் நிற்பாள். அத்தா ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வந்து, கடைசியில் அம்மாவிடம், "நல்லா இருக்கியா, உடம்பப் பாத்துக்க" என்பார். அவ்வளவுதான். பதில் பேசும்போதும் பக்கத்தில் பெரியம்மா இருப்பார். "நல்லா இருக்கேன். ஆத்துல தண்ணி வந்துருச்சு. நேத்து நல்ல மழை" என்று அம்மாவும் முடித்துக்கொள்வாள்.

ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து பதிந்து அத்தாவின் பழைய பேச்சுகள் அழிந்துபோயின. மிஞ்சியவை நான்கு கேசட்டுகள். அவற்றில் ஒன்று மிஞ்சியது என்னால். எனக்கு எட்டு வயதில் வந்தது அது. அங்கே அவர் தங்கியிருந்த கேம்ப்பில் தினமும் சோற்று நேரத்துக்கு வந்துவிடும் ஒரு பூனையைப் பற்றி எனக்கென்று அத்தா அதில் கதை சொல்லியிருந்தார். அதைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று நான் அழுத அழுகையில், பெரியத்தா கடைத்தெருவில் புதுக் கேசட் வாங்கி அதில் பதில் பதியவைத்தார்.

அந்த வருஷமே கடைத்தெருவில் போன் பூத் வந்தது. கேசட் நின்றுபோனது.

மே மாத விடுமுறைக்கு அத்தாவும் அம்மாவும் இருக்கும் கூத்தாநல்லூர் வீட்டுக்கு வந்தேன். ரிக்கார்டர் பரணில் துணியில் சுற்றி இருந்தது. பட்டனை அழுத்தினால் உள்ளே மோட்டார் முனகியது, சக்கரம் சுற்றவில்லை. மன்னார்குடியில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவரிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து காட்டினார். ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"பெல்ட் மாத்திடலாம். ஹெட்ட ஸ்பிரிட்டு வச்சுத் தொடச்சுத் தரேன்" என்றார். "எதுல கேக்கப் போறீங்க?"

"லேப்டாப்புல ஏத்தணும்."

"அப்ப வால்யூம மூணுக்கு மேல வைக்காதீங்க. இது ஸ்பீக்கருக்குக் குடுக்கிற சத்தம். லேப்டாப்பு அவ்வளவு தாங்காது, குரல் கிழிஞ்சு போயிடும்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ரிக்கார்டரின் இயர்போன் ஓட்டையிலிருந்து லேப்டாப்பின் ஓட்டைக்கு ஒரு ஒயரைக் குத்தி ஓடவிட்டேன். ஒன்றும் பதியவில்லை. லேப்டாப்பில் இருந்த ஒரே ஓட்டை ஹெட்போனுக்கானது, சத்தத்தை வெளியே விடுமே தவிர உள்ளே வாங்காது. ஒலியைப் பற்றி வகுப்பெடுக்கிறவளுக்கு அது உறைக்க அரை மணி நேரம் ஆனது. மறுநாள் மறுபடி மன்னார்குடி போய், யூ.எஸ்.பி.யில் செருகும் கட்டைவிரல் அளவு சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிவந்தேன். இப்போது பதிந்தது, ஆனால் இடது பக்கம் மட்டும். அந்தக் காலத்து ரிக்கார்டருக்கு ஒரே தடம், என் ஒயருக்கு இரண்டு. இடது பக்கத்தையே வலது பக்கத்துக்கும் பிரதி எடுத்ததும் குரல் நடுவுக்கு வந்து நின்றது.

அத்தா சாய்வு நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பரை விரித்திருந்தாரே தவிரப் பக்கம் திருப்பவில்லை. ஊரோடு வந்த பிறகு அத்தா பேச்சில் சிக்கனம். அம்மாவுக்குக் காது கேட்காமல் போனதும் அதுவும் குறைந்தது. மாத்திரைக்கு ஒரு சைகை, டீக்கு ஒரு சைகை என்று இருவரும் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று கேசட்டுகள் இரண்டு நாளில் முடிந்தன. கடைசியாகப் பூனைக் கதை கேசட்டைப் போட்டேன். முதல் பக்கம் முழுக்கக் கதை. இரண்டாம் பக்கத்தில் வழக்கமான விசாரிப்புகள். ஐந்து நிமிடத்தில், "சரி, எல்லாருக்கும் ஸலாம்" என்று அத்தா முடித்துவிட்டார். நிறுத்தப் போனேன். அதற்குள் அம்மா மீன் கழுவக் கூப்பிட்டாள். ஓடட்டும் என்று அப்படியே விட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது லேப்டாப் திரையில் சத்தத்தின் கோடு தட்டையாக நீண்டு கிடந்தது. பன்னிரண்டு நிமிடத் தட்டைக்குப் பிறகு மேடு மேடாகத் தொடங்கியிருந்தது. முதலில் பழைய பாட்டு ஏதோ அழியாமல் கிடக்கிறது என்று நினைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தில் வைத்தேன்.

"தனியா இருக்கியா?" என்று அத்தா கேட்டார். முப்பத்தைந்து வயது அத்தா. "யாராச்சும் பக்கத்துல இருந்தா நிறுத்திடு."

மூச்சு விடும் சத்தம். பின்னால் ஏசி மெஷினின் உறுமல்.

"ரூம்ல எல்லாரும் டூட்டிக்குப் போயிட்டாங்க. எனக்கு இங்க முடியல புள்ள. வேலைக்கு ஒண்ணும் கொறையில்ல. சாப்பிட்டுட்டுத் திரும்பினா பேச ஆளில்ல, அதான். ஊருக்கே வந்துடலாம்னு பாக்குறேன். மன்னார்குடியில சின்னதா ஒரு கடை போட்டுக்கலாம். அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ வான்னு சொன்னா வந்துடுறேன். எல்லாரும் இருக்கையில உன்னால சொல்ல முடியாது. அடுத்த கேசட்டுல மழையப் பத்திச் சொல்றப்ப, வீடு ஒழுகுதுன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் புரிஞ்சுக்குறேன்."

அதற்கு மேலும் பேச்சு இருந்தது. நான் நிறுத்திவிட்டேன். அது எனக்கானது இல்லை.

அத்தா அதன் பிறகு பதினான்கு வருஷம் அங்கேதான் இருந்தார். அவர் ஊரோடு வந்து சேர்ந்தபோது நான் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் போய் அத்தாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அத்தா, பூனைக் கதை கேசட்டுல, ரெண்டாம் பக்கம் கடைசியில..."

பேப்பர் கீழே இறங்கியது. "அது இருக்கா இன்னும்?"

"இருக்கு."

"நீ கேட்டியா?"

"கொஞ்சம். அப்புறம் நிறுத்திட்டேன். அம்மாவுக்கு இது தெரியுமா?"

அத்தா பேப்பரை மடித்து மடியில் வைத்தார். "தெரியும்னுதான் நெனச்சிருந்தேன்" என்றார். "கேசட்டு திரும்பி வரல. அவதான் வச்சுக்கிட்டான்னு நெனச்சேன். பதில் வந்த கேசட்டுல மழை பெஞ்சுதுன்னு இருந்துச்சு, ஒழுகுதுன்னு இல்ல. அடுத்த லீவுல வந்தப்ப மாடி கட்டணும்னு சொன்னா. சரி, அதான் பதிலுன்னு எடுத்துக்கிட்டேன்."

"நேர்ல ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேத்தா."

"அவ வேண்டாம்னதுக்கப்புறம் எப்படிம்மா கேக்குறது."

பேச்சு நின்றதும் பெரியத்தா பட்டனைத் தட்டி நிறுத்திவிடுவார் என்பதும், ரிக்கார்டர் ஒரு நாளும் அம்மாவின் அறைக்குப் போனதில்லை என்பதும், அங்கே இருந்த அத்தாவுக்குத் தெரிய வழியில்லை. அம்மா ராத்திரியில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுப்பாள் என்று அவர் நினைத்திருந்தார். கேசட்டை நான்தான் கொடுக்காமல் அழுதேன் என்று சொன்னேன். அத்தா என் தலையில் கையை வைத்தார்.

"போட்டுக் குடு அவளுக்கு" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கடைசித் துண்டை அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். காது மெஷினோடு போன் சேர்ந்ததும் ஒரு சின்ன மணி அடிக்கும், அது கேட்டதென்று அம்மா தலையசைத்தாள். கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அத்தா நாற்காலியில் கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அத்தனையும் அம்மாவின் காதுக்குள் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. காதில் சத்தம் ஓடும்போது தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

"தனியாத்தான் இருக்கேன்" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

அது ஓடி முடியும் நேரம் வரை பொறுத்திருந்துவிட்டு அத்தா எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்த மறந்துவிட்டார். அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, எனக்கு இது கேக்கவே இல்லியே" என்றாள்.

"இப்பத்தான் எனக்கும் தெரியுது."

"ஒழுகுதுன்னு சொல்லியிருப்பேன். மழ பெய்யாட்டியும் சொல்லியிருப்பேன்."

அத்தா கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ மாடி கட்டணும்னு சொன்னியே."

"நீங்க எப்படியும் வரப்போறதில்லன்னு நெனச்சு சொன்னதுங்க அது. ஒரு ஆசைக்கு."

நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவிடம் மெல்லச் சொன்னேன். அத்தா அப்போதே வந்திருந்தால் நான் இவ்வளவு படித்திருக்க முடியுமோ என்னவோ என்று. எனக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. என் ஹாஸ்டலும் என் புத்தகங்களும் அந்தப் பதினான்கு வருஷத்தில்தான் வந்தன.

"படிச்சிருப்ப" என்றாள் அம்மா. "நான் விட்டிருப்பேனா?" தண்ணீரை வடித்துவிட்டுத் திரும்பினாள். "அதுக்காக நீ அழாத. நான் அழுதுக்குறேன் கொஞ்ச நாளைக்கு. இது எனக்கு இப்பத்தான வந்திருக்கு."

அழுதாள். அடுத்த இரண்டு நாளும் வேலைக்கு நடுவில், யாரிடமும் மறைக்காமல். அத்தா அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். வலது காது கொஞ்சம் தேவலை என்பதால் அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏதோ சொல்வார். அவள், "அது யாரு? அவரு கூட உங்க ரூம்லயா இருந்தாரு?" என்று கேட்பாள். கேம்ப்பில் யார் சமைத்தார்கள், எத்தனை பேர் ஒரு ரூமில், வெள்ளிக்கிழமைகளில் எங்கே போவார்கள். இத்தனை வருஷமாகக் கேட்காததை எல்லாம் வரிசையில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபமும் வந்தது. ஒரு முறை, "ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதா?" என்று தட்டை நங்கென்று வைத்தாள். அத்தா அந்தத் தட்டில் தானே சோற்றைப் போட்டுக்கொண்டார்.

நான் திருச்சிக்குக் கிளம்பும் காலையில் அத்தா என்னிடம் வந்தார்.

"அது உன் லேப்டாப்புலயும் இருக்குமா?"

"இருக்குத்தா. காப்பி."

"மத்ததெல்லாம் இருக்கட்டும். அந்தக் கடைசித் துண்டு மட்டும் வேண்டாம். அது உங்கம்மாகிட்ட இருந்தாப் போதும்."

அவர் கண்ணெதிரிலேயே கோட்டின் அந்த மேடுகளைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். குப்பைத் தொட்டியிலிருந்தும் எடுத்துவிட்டேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"போயிருச்சா?"

"போயிருச்சுத்தா."

திருப்தியாக நிமிர்ந்து, என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட முன்னால் நடந்தார்.